கேள்வி கேட்டுட்டு மூணு நொடி நில்லுங்க சார்

பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி வகுப்பிலேயே டீச்சரைத் திட்டும் அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர்தான் "சரியான சவுக்கடி" என்று பகிர்வீர்கள்? ஒரு பிள்ளையை எழுப்பி, அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டச் சொல்கிறார் அதிகாரி. அவள் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் பக்கம் திரும்பி, "என்ன சொல்லிக் குடுத்திருக்கீங்க?" பகுதியை 6 ஆக்கி, 3/6, 2/6 என்று மாற்றிக் கூட்டி 5/6 சொல்ல அவளுக்கு நேரம் வேண்டாமா? பிள்ளையின் முகத்தை மறைக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேட்டால் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சொல்கிறேன். அமெரிக்க வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சுமார் ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களிலேயே காட்டினார். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, மௌனம் குறைந்தது.

கேள்வியை முதலில் கேளுங்கள், பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். "கவிதா, நீ சொல்லு" என்று ஆரம்பித்தால் மற்ற 39 பேருக்கும் விடுமுறை. மூன்று நொடி கழித்து எல்லாரும் சிலேட்டில் எழுதி, "காட்டு" என்றதும் ஒரே நேரத்தில் தூக்கட்டும். முன்னே பின்னே தூக்கினால் பக்கத்துச் சிலேட்டுதான் பதில். பாதிப் பேர் 2/5 என்று எழுதியிருப்பார்கள், மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டி. திட்ட வேண்டாம். "2/5 பெரிசா, அரை பெரிசா?" என்று கேட்டு, மறுபடியும் காத்திருங்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் அரையைவிடக் குறையுமா என்று அவர்களே முழிப்பார்கள். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சாஆஆர்!" கோரஸில் இந்தத் தப்பு ஒருநாளும் வெளியே வராது.

"சிலபஸ் யார் முடிப்பது?" என்று வருவீர்கள். 45 நிமிட வகுப்பில் பத்துக் கேள்விக்குக் கூடுதலாக இரண்டிரண்டு நொடி: மொத்தம் 20 நொடி. வருகைப்பதிவு ஆப் திறக்க அதைவிட நேரமாகும். சிலேட்டுக்கு நேரம் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு வகுப்புக்கு இரண்டு கேள்வி போதும்.

"வாத்தியார்களுக்கு வக்காலத்தா?" ஆமாம், வக்காலத்துதான். "ஓபி அடிக்கிற கூட்டம்" என்று கமெண்ட் போட்டவர்கள் நாற்பது பிள்ளைகள் முன்னால் அரை நாள் நின்று பாருங்கள்.

வாத்தியார்களுக்கான பயிற்சியோ இன்னும் அழகு. "லெக்சர் பண்ணாதீங்க" என்று நாள் முழுக்க ஒரு லெக்சர். நடுநடுவே "எனி டவுட்ஸ்?" கேட்ட வாய் மூடுவதற்குள் அடுத்த ஸ்லைடு.