மூங்கில் தோளும் ஓரேர் உழவனும்

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு இன்று தவறாமல் கிடைக்கும் அறிவுரை, வருணனையைக் குறையுங்கள் என்பதுதான். எழுத்துப் பட்டறைகளில் சொல்கிறார்கள். யூடியூபில் கதை எழுதக் கற்றுத்தருகிறவர்களும் சொல்கிறார்கள். கைப்பேசியில் படிக்கிறவருக்குப் பொறுமை கிடையாதாம். படமும் காணொளியும் வந்த பிறகு மழையையும் நிலாவையும் எழுத்தில் காட்டவே வேண்டாமாம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. எழுதியவர் கண்ணால் பார்க்காமல் எழுதிய வரிகளைத்தான் வாசகர் தாண்டிப் போகிறார். பழி மட்டும் வருணனையின் மேல் விழுகிறது.

குறுந்தொகையின் 131ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வரி. வேலை நிமித்தமாக வெளியூர் போனவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். அவள் இருக்கும் ஊர் வெகு தொலைவில் இருக்கிறது, மனமோ பறக்கிறது. அந்தப் பரபரப்புக்கு அவன் சொல்லும் உவமை: "ஈரம் பட்ட செவ்விப் பைம்புனத்து ஓரேர் உழவன் போல". மழை பெய்து நிலம் உழுகிற பதத்துக்கு வந்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் உழுது முடிக்க வேண்டும். பல ஏர் வைத்திருப்பவன் ஆளைவிட்டு முடித்துவிடுவான்; இவனிடம் இருப்பது ஒரே ஏர். காதலின் அவசரத்தை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன வரி எனக்குத் தெரிந்து இல்லை. "மிகவும்", "தாங்கமுடியாத" போன்ற எந்தச் சொல்லும் அதற்குத் தேவைப்படவில்லை. நிலம், ஈரம், ஒற்றை ஏர், போய்க்கொண்டிருக்கும் நேரம். அவ்வளவுதான்.

இதே பாட்டின் முதல் வரியில் இன்னோர் உவமையும் இருக்கிறது. அவளுடைய தோள் அசைகிற மூங்கிலைப் போன்றதாம். மூங்கில் தோள் சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருவது, எல்லோருக்கும் பொதுவானது. இந்தப் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் தொடரையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். எந்தத் தொடரை? மூங்கிலை அல்ல. அவர் ஓரேருழவனார் ஆனார். பழகிய உவமையும் புதிதாகக் கண்ட உவமையும் ஒரே பாட்டில் ஆறு வரிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன; எது அந்தக் கவிஞருக்கே உரியது என்பதில் பெயர் வைத்தவர்களுக்குத் தடுமாற்றமே இல்லை. தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த இலக்கிய விமர்சனங்களில் ஒன்றாக இந்தப் பெயர் சூட்டலை நான் நினைக்கிறேன்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. அணிலாடு முன்றிலார், செம்புலப் பெயனீரார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக் கோழியார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று ஒரு வரிசையே இருக்கிறது. பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, கண்ட காட்சி ஒன்று மட்டும் நிற்கிறது.

குப்பைக் கோழியாரைப் பாருங்கள். பந்தயத்துக்கு விடும் சேவல்களை மோதவிட ஆள் உண்டு, விலக்கிவிடவும் ஆள் உண்டு. குப்பைமேட்டில் தாமாகச் சண்டையிடும் கோழிகளுக்கு இரண்டும் இல்லை, ஓய்ந்தால்தான் ஓய்வு. என் காதல் நோயும் அப்படித்தான், தானாக அழிந்தால் அழியுமே தவிர நீக்குவார் யாரும் இல்லை என்கிறாள் அந்தப் பெண். காதலைச் சொல்லக் குப்பைமேட்டுக்குப் போகும் துணிச்சல் இன்று எத்தனை பேருக்கு இருக்கிறது? அழகான பொருளைக் கொண்டுதான் அழகான உணர்வைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் கவிஞருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நற்றிணையில் வரும் பழங்கயிறும் அப்படியே. வெளியூர் போன இன்னொருவனிடம், காதலியிடம் திரும்பு என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையை முடி என்கிறது அறிவு. இரண்டு யானைகள் ஆளுக்கொரு முனையைப் பற்றி இழுக்கும் தேய்ந்த பழைய கயிறுபோல என் உடம்பு அறுந்துபோகுமோ என்கிறான். யானை பெரியது என்பதால் அல்ல, கயிறு பழையது என்பதால்தான் அந்த உவமை வலிக்கிறது. "தேய்புரி" என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் பாதி உயிர் போய்விடும். வெட்டச் சொல்கிறவர்கள் முதலில் கத்தி வைப்பது இப்படிப்பட்ட சொல்லில்தான்.

உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியம் நான்காகப் பிரிக்கிறது. நாம் பெரும்பாலும் கடைசி இரண்டிலேயே நின்றுவிடுகிறோம்: வடிவம், நிறம். முகம் நிலாப்போல, பல் முத்துப்போல. ஓரேர் உழவன் வினையில் பிறந்தவன்; அதனால்தான் அவன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான்.

காதலை விடுங்கள், பசிக்கு வருவோம். புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் வள்ளல் குமணனிடம் தன் வீட்டு நிலையைச் சொல்கிறார். அடுப்பு சமைப்பதையே மறந்துவிட்டது, அதில் காளான் பூத்திருக்கிறது. காளான் பூக்க வேண்டுமானால் அந்த அடுப்பு எத்தனை நாள் நெருப்பைக் காணாமல் ஈரமாகக் கிடந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடும் வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறார். அடுத்தது, வற்றிய முலையைச் சுவைத்துச் சுவைத்து அழும் குழந்தை. தாய் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள், அவள் கண்ணில் நீர் நிறைகிறது. கவிஞர் அவளைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுத்தான் குமணனைத் தேடிப் புறப்படுகிறார். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற வரிசையிலேயே அந்த வீட்டின் துயரம் முழுவதும் அடங்கிவிடுகிறது. இதை வருணனை என்று சொல்லி எவரும் நீக்கிவிட முடியுமா? நீக்கினால் மிஞ்சுவது "நான் ஏழை, உதவி செய்" என்ற ஒரு மனு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளைப் படிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுதியவர்களில் பலர் இளைஞர்கள், நல்ல மொழி கைவரப்பெற்றவர்கள். ஆனால் கதைக்குக் கதை வானம் "கறுத்திருந்தது", காற்று "சில்லென்று வீசியது", கண்ணீர் "தாரை தாரையாக வழிந்தது". இடையில் ஒரு கதையில், இறந்த கணவனின் செருப்பில் தேய்ந்திருந்த குதிகால் பள்ளத்தை மனைவி விரலால் தடவிப் பார்ப்பதாக ஒரு வரி வந்தது. அந்தக் கதையின் முடிவுகூட இன்று எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தப் பள்ளம் நினைவிருக்கிறது.

பழைய உவமைகளை எடுத்துப் பூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏர் பிடித்தவனை ஒருநாளும் பார்க்காதவர் ஓரேர் உழவனை எழுதினால், அது அவர் கையில் இன்னொரு மூங்கில் தோள்தான். தண்ணீர் லாரி வரும் தெருவில் வாழ்கிறவருக்கு வேறொன்று இருக்கிறது: எல்லோரும் வரிசையாகக் குடங்களை அடுக்கியிருக்க, ஒரே குடத்தோடு வந்து, நிறைத்து, வீட்டுக்கு ஓடி அண்டாவில் ஊற்றி, லாரி கிளம்புவதற்குள் மறுபடி ஓடிவரும் பெண். ஈரப் புனத்தின் அதே அவசரம் அவள் காலில் இருக்கிறது. அதை எழுதப் பெரிய சொல்வளம் வேண்டாம். அவள் எத்தனை முறை ஓடினாள், எந்தக் கையில் குடம் இருந்தது என்று பார்த்திருக்க வேண்டும்.

பள்ளியிலிருந்தே தொடங்குகிறது சிக்கல் என்று நினைக்கிறேன். உவமை அணி என்றால் உவமானம் எது, உவமேயம் எது, உவம உருபு வெளிப்பட்டிருக்கிறதா மறைந்திருக்கிறதா என்று கேட்கிறோம். பிள்ளைகள் சரியாக அடிக்கோடிட்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் அதே பிள்ளைகள் "இயற்கை அன்னையின் மடியில்" என்று தொடங்குகிறார்கள். தமிழாசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். அணி இலக்கணத் தாளில் ஒரு கேள்வியை மாற்றிப் பாருங்கள்: "இன்று பள்ளிக்கு வரும் வழியில் நீ கண்ட ஒன்றை, வேறு எவரும் எழுதியிருக்க முடியாதபடி நான்கு வரியில் எழுதுக." "போல" வந்தாலும் வராவிட்டாலும் மதிப்பெண் கொடுங்கள். நிலா வந்தால் மட்டும் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுங்கள்.