ஆறாவது பங்காளி

(பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடு. முகப்பில் பர்மா தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், பின்கட்டைத் தாண்டினால் வண்டிக் கொட்டகை. கொட்டகைக்குள் 1965-ஆம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஐயா வாங்கியது. இன்றைய தேதிக்கு ஐந்து பேரன்கள் பங்கு. நான்கு பேர் வெளியூரில். ஐந்தாமவர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி முன்னால் நிற்கிறார். ஓய்வு பெற்று வந்தவர்கள் முதல் மாதம் கோவில் கோவிலாகப் போவார்கள். இரண்டாம் மாதம்தான் வீட்டில் இருப்பவர்களுக்குச் சோதனை.)

செட்டியார்: இந்தா, அந்தக் கிரைண்டரைக் கொஞ்சம் எடுத்து வருகிறாயா?

ஆச்சி: அதில் உளுந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

செட்டியார்: அது இல்லை. துரு தேய்க்கிற கிரைண்டர். நேற்றுக் காரைக்குடியில் வாங்கினேனே.

ஆச்சி: என்ன விலை?

செட்டியார்: இந்த வண்டி இருக்கிறதே, 1961-இல் பெருங்களத்தூர் பாக்டரியிலிருந்து வர ஆரம்பித்தது. இங்கிலாந்தில் இதற்கு டிரையம்ப் ஹெரால்டு என்று பேர். வடிவம் போட்டவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர்.

ஆச்சி: நம் வீட்டு மார்பிளும் இத்தாலிதான். அது துருப்பிடிக்கவில்லை. விலையைக் கேட்டேன்.

செட்டியார்: ஒரு வாரத்து வேலைதான். மேலே நாலு கொப்புளம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன், பள்ளத்துக்குப் பட்டி வைப்பேன், பெயின்ட் அடிப்பேன். பிள்ளையார் நோன்புக்கு இதில்தான் போகிறோம்.

ஆச்சி: கொப்புளம் ஏன் வருகிறது?

செட்டியார்: இரும்பு துருவாக மாறினால் அதிக இடம் பிடிக்கும். அடியில் துரு வளர வளர மேலே பெயின்ட் உப்புகிறது. பூரி மாதிரி.

ஆச்சி: (கதவுக்குக் கீழே தட்டிப் பார்த்து) பூரியில் உள்ளே காற்றாவது இருக்கும். இங்கே சத்தமே மொத்தென்று இருக்கிறதே. கொஞ்சம் இருங்கள்.

(உள்ளே போய், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தோடு வருகிறார். கூரையில் வைக்கிறார். பிள்ளையார் டக்கென்று ஒட்டிக்கொள்கிறார். பானெட்டில் ஒட்டுகிறார். பின் சக்கரத்து வளைவில் வைத்ததும் கீழே விழுகிறார். கதவுக்குக் கீழே வைத்தால் வைத்த வேகத்தில் விழுகிறார்.)

செட்டியார்: என்ன இது, பிள்ளையார் பிடிக்க மாட்டேன் என்கிறார்?

ஆச்சி: இரும்பு இருந்தால்தானே பிடிப்பார். இது அத்தனையும் பட்டி. நீங்கள் வைக்கப் போகிற பட்டியை உங்களுக்கு முன்னாலேயே யாரோ வைத்துவிட்டார்கள்.

(செட்டியார் உளியால் லேசாகத் தட்டுகிறார். ஆத்தங்குடிக் கல் கனத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து காலடியில் விழுகிறது. அதற்குப் பின்னால் ஒரு பொந்து. பொந்துக்குள் கசங்கிய செய்தித்தாள்.)

ஆச்சி: (விரித்துப் படிக்கிறார்) கடக ராசிக்கு எதிர்பாராத தன லாபம்.

செட்டியார்: எந்த வருடத்துத் தாள்?

ஆச்சி: தேதி போட்ட இடத்தைத் துரு தின்றுவிட்டது. ஆனால் டிங்கர் கடக ராசி என்பது மட்டும் தெரிகிறது.

செட்டியார்: ஓட்டைக்குள் தாளை அடைத்து, மேலே பட்டியைப் பூசி, காசு வாங்கிக்கொண்டு போய்விட்டாரே! நமக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டார்!

ஆச்சி: கடுக்காய் கொடுத்திருந்தால் வண்டி இன்னும் நன்றாகவே இருந்திருக்கும். அது என்ன கையில் பாட்டில்?

செட்டியார்: ரஸ்ட் கன்வர்ட்டர். துருவின் மேல் தடவினால் கறுப்பாக மாறி நின்றுவிடும். உள்ளே டானிக் ஆசிட்.

ஆச்சி: அறுபது வயது வண்டிக்கு டானிக்கா? எனக்கு முழங்கால் வலிக்கு ஒரு பாட்டில் கேட்டு ஆறு மாதம் ஆகிறது.

செட்டியார்: அந்த டானிக் இல்லை. இது துவர்ப்பு. டானின்.

ஆச்சி: அதைத்தான் சொல்கிறேன். கடுக்காயிலும் அந்தத் துவர்ப்புதான். இரும்பு வாணலியில் கடுக்காய்த் தண்ணீர் பட்டால் மை மாதிரி கறுத்துவிடும். அந்தக் காலத்தில் மையே அப்படித்தான் காய்ச்சினார்கள். நம் சுவரில் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவும் கடுக்காயும்தான் இருக்கின்றன. தொட்டுப் பாருங்கள், இன்றைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

செட்டியார்: அப்போது இந்தப் பொந்தில் இதை ஊற்றிவிடவா?

ஆச்சி: பொந்தில் எதை ஊற்றினாலும் கீழே தரையில்தான் இருக்கும். மேலோடு துரு என்றால் மருந்து. ஓட்டை விழுந்துவிட்டால் கத்திதான். ஈரம் கண்ட சுவரில் சாந்து பூசினால் எத்தனை நாள் நிற்கும்? கல் தெரிகிற வரைக்கும் கொத்தினால்தான் கொத்தனார்.

(இந்த இடத்தில் செட்டியார் மூன்று முறை "எனக்குத் தெரியும்" என்றார். மூன்றையும் விட்டுவிட்டேன்.)

செட்டியார்: கூரை நன்றாகத்தான் இருக்கிறது. கீழே மட்டும் எப்படி இப்படி?

ஆச்சி: கதவுக்கு அடியில் குனிந்து பாருங்கள். சின்னச் சின்ன ஓட்டை இருக்கிறதா?

செட்டியார்: இருக்கிறது. அதுவும் துருவா?

ஆச்சி: அது தூம்பு. கண்ணாடி ஓரமாக இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியே போவதற்கு வண்டி செய்தவன் வைத்தது. மண் அடைத்துக் கிடக்கிறது. தண்ணீர் உள்ளேயே நின்று உள்ளிருந்து தின்றிருக்கிறது. முற்றத்துத் தூம்பை ஐப்பசிக்கு முன்னால் குத்திவிடாவிட்டால் வளவு என்ன கதியாகும்?

செட்டியார்: இதையெல்லாம் ஐயா காலத்துக்குப் பிறகு யாராவது ஒருவர் பார்த்திருக்கலாம்.

ஆச்சி: ஐந்து பேர் வண்டியை யார் பார்ப்பார்கள்? "அண்ணன் செய்யட்டும்" என்று தம்பி, "தம்பி சும்மாதானே இருக்கிறான்" என்று அண்ணன். கேட்காமல் வந்தது ஆறாவது பங்காளி மட்டும்தான்.

செட்டியார்: ஆறாவதா? யார் அது?

ஆச்சி: துரு. பாகப்பிரிவினையும் இல்லை, பத்திரமும் இல்லை. ஐந்து பேர் பங்கையும் வஞ்சகம் இல்லாமல் சமமாகத் தின்றிருக்கிறது.

செட்டியார்: பிரிக்க நினைத்தால் பிரித்தே இருக்கலாம். இந்த வண்டி அப்படி. அடியில் தனிச் சட்டம். உடம்பு துண்டு துண்டாக போல்ட் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. பானெட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். கூரையைக் கூடக் கழற்றலாம்.

ஆச்சி: மெதுவாகப் பேசுங்கள். சிங்கப்பூருக்குக் கேட்டால் கூரை என் பங்கு என்று வந்துவிடப் போகிறார்கள்.

(கிரைண்டர் ஓட ஆரம்பிக்கிறது. உளுந்து கிரைண்டர் சத்தம் கேட்காமல் போகிறது. ஆச்சி போய் இரண்டையும் நிறுத்துகிறார்.)

ஆச்சி: முகத்தில் என்ன கட்டியிருக்கிறீர்கள்?

செட்டியார்: துண்டு.

ஆச்சி: பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். மருந்துக்கடையில் நல்ல மாஸ்க்காகக் கேட்டு வாங்கி வாருங்கள், கண்ணாடியும் போடுங்கள். அப்புறம், வெட்டி எடுக்கிற எதையும் தூக்கிப் போடாதீர்கள். முறுக்கு டின் தருகிறேன், அதில் போடுங்கள்.

செட்டியார்: துருப்பிடித்த தகரத்தை வைத்து என்ன செய்யப் போகிறாய்?

ஆச்சி: அளவுக்கு. இந்த வீட்டில் எதைத் தூக்கிப் போட்டோம்? இரண்டாம் கட்டு அறையில் என் சீர்ச் சாமான் இன்னும் வைக்கோல் பிரிக்காமல் இருக்கிறது.

(மறுநாள் காலை. செட்டியார் கொட்டகையில் அலறுகிறார்.)

செட்டியார்: இங்கே வா! நேற்று வெள்ளிக் கிண்ணம் மாதிரி தேய்த்து வைத்தேன். தூசி போகட்டும் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். ராத்திரியோடு ராத்திரியாக மறுபடியும் செம்மண் நிறம்!

ஆச்சி: வெறும் இரும்பில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தூங்கப் போனால்? புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கையே உடனே துடைக்காவிட்டால் கறுத்துவிடுகிறது.

செட்டியார்: நீ தோசைக்கல்லுக்குத் தடவுகிற மாதிரி நல்லெண்ணெய் தடவட்டுமா?

ஆச்சி: தடவுங்கள். துரு வராது. தோசை நன்றாக வரும். பெயின்ட் மட்டும் ஒட்டாது.

(செம்மண் நிறத்தை மறுபடியும் தேய்த்து எடுத்து, தின்னர் வைத்துத் துடைக்கிறார்கள். அதற்கு அரைநாள். பிறகு ஆச்சி ஒரு காலண்டர் அட்டையைப் பொந்தின் மேல் வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டுகிறார்.)

செட்டியார்: தகரம் கேட்டால் அட்டை வெட்டுகிறாயே?

ஆச்சி: ரவிக்கைத் துணியில் நேராகக் கத்தரி வைத்தால் துணி போச்சு. முதலில் அட்டையில் பாருங்கள், வளைவு பொருந்தினால் தகரத்தில் வெட்டுங்கள். தகரம் என்ன கனம்?

செட்டியார்: இருபதாம் கேஜ். கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர். பக்கத்து வீட்டில் கேட் வேலைக்கு ஒரு வெல்டர் வந்திருக்கிறார், அவரையே கூப்பிடுகிறேன்.

ஆச்சி: கேட்டுக்கு ஓட்டுகிற ஆர்க் வெல்டிங்கை இந்தத் தகரத்தில் வைத்தால் ஒரு ஓட்டை அடைக்க ஒன்பது ஓட்டை விழும். மிக் வெல்டிங் தெரிந்த டிங்கராகப் பாருங்கள். கடக ராசி வேண்டாம்.

(டிங்கர் வருகிறார். பாட்டரி வயரைக் கழற்றச் சொல்கிறார், சீட்டையும் கார்பெட்டையும் வெளியே எடுக்கச் சொல்கிறார். ஆச்சி பக்கத்தில் இரண்டு வாளி மணல் வைக்கிறார். அங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று டிங்கர் தாவித் தாவி வைக்கிறார்.)

செட்டியார்: (தணிந்த குரலில்) ஏன் இப்படி விட்டு விட்டு வைக்கிறார்? மணிக்கணக்குக் கூலியோ?

ஆச்சி: ஓட்டுத்தையல் அது. ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகரம் அப்பளமாக நெளிந்துவிடும். மனிதரை வேலை செய்ய விடுங்கள்.

(சாயங்காலம். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் தேய்த்தாகிவிட்டது. செட்டியார் டப்பாவைத் திறக்கிறார்.)

ஆச்சி: என்ன, செக்கச் செவேல் என்று?

செட்டியார்: ரெட் ஆக்சைடு. துரு வராமல் இருக்க முதல் கோட்டு.

ஆச்சி: ரெட் ஆக்சைடு என்றால் எது? நம் பழைய சமையல்கட்டுத் தரைக்குப் போட்டார்களே, அந்தச் சிவப்பா?

செட்டியார்: அதேதான். இரும்பு ஆக்சைடு.

ஆச்சி: இரும்பு ஆக்சைடு என்றால் துரு.

செட்டியார்: ஏறக்குறைய.

ஆச்சி: பத்து நாளாக என்னையும் தேய்க்க வைத்துத் துருவை எடுத்துவிட்டு, இப்போது காசு கொடுத்துத் துரு வாங்கிப் பூசப் போகிறீர்களா?

செட்டியார்: இது அந்தத் துரு இல்லை. ஏற்கெனவே துருவாகி முடிந்தது. இனி ஆக ஒன்றும் இல்லாததால் சாதுவாக இருக்கும். பெயின்ட்டோடு கலந்து தகரத்தை மூடிக்கொள்ளும்.

ஆச்சி: ஓய்வு பெற்ற துரு.

செட்டியார்: அப்படி வைத்துக்கொள்.

ஆச்சி: ஓய்வு பெற்றது சாதுவாக இருக்கும் என்று இந்த வீட்டில் வந்து சொல்கிறீர்கள்.

(நோன்பு வந்து போய்விட்டது. "ஒரு வாரம்" மூன்று மாதம் ஆனது. கடைசியில் ஒருநாள் ஆச்சி மறுபடியும் காந்தத்தோடு வருகிறார். சக்கர வளைவில் பிள்ளையார் ஒட்டுகிறார். கதவுக்குக் கீழே ஒட்டுகிறார். செட்டியார் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அப்போது போன் அடிக்கிறது.)

செட்டியார்: (பேசிவிட்டு வைக்கிறார்) சிங்கப்பூர் அண்ணன். வண்டி புதுசு மாதிரி ஆகிவிட்டதாமே என்கிறார். மற்ற மூன்று பேரோடும் பேசிவிட்டாராம். அவரவர் பங்கு என்ன என்று கேட்கிறார்.

ஆச்சி: நியாயம்தானே. கொடுத்துவிடலாம்.

செட்டியார்: எதைக் கொடுப்பது?

(ஆச்சி உள்ளே போய் நான்கு முறுக்கு டின்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கி வருகிறார். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. அசைந்தால் உள்ளே தகரம் சலசலக்கிறது.)

ஆச்சி: தராசில் எடை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். மூத்தவருக்கு மட்டும் ஒரு கைப்பிடி கூட. முறை என்று ஒன்று இருக்கிறதே.

செட்டியார்: (டின்களை எண்ணி) நாலுதான் இருக்கிறது. நம் பங்கு?

ஆச்சி: உங்கள் தலைமுடியில் இருக்கிறது. போய்க் குளியுங்கள்.