கலோடன் வீட்டுக்காரர்

1746-இல் ஸ்காட்லாந்தில் நடந்த கலோடன் போரைப் பற்றி யார் எழுதினாலும், ஸ்டூவர்ட் வம்சத்துக்கு அரியணையை மீட்கக் கிளர்ச்சி செய்து தோற்று ஓடிய இளவரசர் சார்லஸ், அரசுப் படையை நடத்தி 'கசாப்புக்காரர்' என்று பெயரெடுத்த கம்பர்லாந்து கோமகன், இந்த இருவரோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தவர் அந்த ஊர் மாளிகையின் சொந்தக்காரர் டங்கன் ஃபோர்ப்ஸ் (1685–1747). வக்கீல், எம்.பி., 1737 முதல் ஸ்காட்லாந்தின் உச்ச சிவில் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதி.

முழுக்க முழுக்க அரசாங்கத்து ஆள்தான், மழுப்ப ஒன்றுமில்லை. 1745-இல் சார்லஸ் வந்து இறங்கியதும் வடக்கே போய் உட்கார்ந்துகொண்டு, குலத்தலைவர்களுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதித் தள்ளினார். ஸ்கை தீவின் மெக்டொனால்டு, மெக்லியோட் தலைவர்கள் கிளர்ச்சியில் சேராமல் போனதில் அவருக்குப் பெரிய பங்கு. அரசுக்குப் படை திரட்டக் கைக்காசைப் போட்டார். அந்தப் பணம் அவருக்குத் திரும்பி வரவே இல்லை.

அதற்காக அரசு செய்த எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் அல்ல. அதே ஸ்டூவர்ட் வம்சத்துக்காக முன்பு நடந்த 1715 கிளர்ச்சி அடங்கிய பின் ஸ்காட்லாந்துக் கைதிகளை எல்லை தாண்டி இங்கிலாந்தின் கார்லைலுக்கு விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கிளர்ச்சியை எதிர்த்து நின்ற இதே மனிதர், இது அநியாயம் என்று அரசாங்கத்தின் முக்கிய அமைச்சர் வால்போலுக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதினார். கைதிகளின் வழக்குச் செலவுக்கு வசூலும் செய்தார். 1736-இல் எடின்பரோக் கும்பல், கூட்டத்தைச் சுட்ட வழக்கில் சிறையிலிருந்த ஊர்க்காவல் படைத் தலைவர் கேப்டன் போர்ட்டியஸைச் சிறையிலிருந்து இழுத்துவந்து தூக்கில் போட்டது. அதற்காக ஊரையே தண்டிக்க மசோதா வந்தபோது, அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்துகொண்டே நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது இங்கேதான்.

கோணல்களும் உண்டு. ஏழைகள் டீ குடித்தே நாடு கெடுகிறது, பீர் வரி விழுகிறது என்று புலம்பி, சாமானியர் டீ குடிக்கத் தடை வேண்டும் என்றார். அவர் குடும்பத்துக்கோ அவர்கள் நிலமான ஃபெரின்டாஷில் பெயருக்கு ஒரு தொகை கட்டிவிட்டு விஸ்கி காய்ச்சும் சலுகை 1690-இலிருந்தே இருந்தது!

கலோடன் வெற்றிக்குப் பிறகு கம்பர்லாந்திடம் சட்டத்தையும் இரக்கத்தையும் பற்றிப் பேசிப் பார்த்தார். "மனிதாபிமானம் பேசிய கிழவி" என்று கோமகன் ஏளனம் செய்ததாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே ஃபோர்ப்ஸ் காலமானார். எடின்பரோ நீதிமன்ற வளாகத்திலுள்ள பார்லிமென்ட் ஹாலில் அவருக்குச் சிற்பி ரூபில்யாக் செதுக்கிய சிலை இருக்கிறது. வைத்தவர்கள் வக்கீல்கள், அரசு அல்ல. 1746 கைதிகளை எங்கே விசாரித்தார்கள் தெரியுமா? லண்டன், யார்க், மறுபடியும் அதே கார்லைல்.