மலை ரயில் ரத்தானால் யாரைத் திட்டுவது?

போன ஐப்பசியில் மேட்டுப்பாளையம் வரை போய், ஊட்டி மலை ரயில் ரத்து என்றதும் பஸ் ஏறினோம். கல்லாறுக்கு மேலே மண் சரிவாம். கூட வந்த சித்தப்பா பர்லியாறு வரை புலம்பிக்கொண்டே வந்தார்: "வெள்ளைக்காரன் கட்டிக் குடுத்துட்டுப் போனதப் பாத்துக்கக்கூட நம்மாளுங்களுக்குத் துப்பில்ல."

எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. வெள்ளைக்காரனுக்கே அந்த மலை லேசில் மசியவில்லை. 1854இல் பேச்செடுத்த பாதைக்கு 1891இல்தான் வேலை தொடங்கியது. நடுவில் கம்பெனியே நொடித்துப்போய், வேறு கம்பெனி வந்து, குன்னூருக்கு ரயில் ஏறியது 1899இல். ஊட்டியைத் தொட இன்னும் ஒன்பது வருஷம். வெறும் 46 கிலோமீட்டருக்கு இந்தப் பாடு!

ஏற்றம் அப்படி. சாதாரண ரயிலுக்கு 100 அடிக்கு 1 அடி ஏறினாலே மூச்சு வாங்கும், ஏற்றம் கூடினால் சக்கரம் வழுக்கும். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி. அதனால்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டைச் சட்டம். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்வியே இருக்கும்.

சரி, கட்டியாகிவிட்டது. மலை சும்மா இருக்குமா? சரிவை வெட்டித்தான் பாதை போட்டிருக்கிறோம். வெட்டிய இடத்தில் ஐப்பசி மழை இறங்கினால் மண்ணும் பாறையும் வரத்தான் செய்யும். 16 குகை, 250 பாலம், 208 வளைவு என்று பெருமையாகச் சொல்கிறோமே, அடைமழையில் அத்தனையும் கவலைதான். என்னைக் கேட்டால் மலையில் ரயில் பாதையைக் கட்டி முடிப்பது என்பதே கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் திரும்பக் கட்டுகிறார்கள்.

முன்பு ஒருமுறை வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது, ஓரமாக நாலு பேர் கடப்பாரை போட்டு ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கணுக்கால் முழுக்கச் சுண்ணாம்பு, அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க. நாங்கள் எஞ்சினைத்தான் போட்டோ எடுத்தோம்.

ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. முன் பெட்டியில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். பாதையில் கல் கிடந்தால் முதலில் பார்ப்பவர் அவர்தான்.

இதையெல்லாம் குன்னூர் வரும்வரை சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அதெல்லாம் சரிப்பா, டிக்கெட் காசு எப்பத் திரும்பி வரும்?" என்றார்.