டிராகன் படகிலிருந்து வந்தால் தகுதி இல்லையா?

"சிங்கப்பூர் பாண்டான் நீர்த்தேக்கத்தில் பிள்ளைகளுக்கு ரோயிங் (துடுப்புப் படகோட்டம்) சொல்லித் தருகிறவர்கள் டிராகன் படகுக்காரர்கள், ஒலிம்பிக் பக்கமே போகாதவர்கள், கட்டுகிற காசு வீண்" என்று மேலே அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அண்ணே.

இரண்டும் வேறு வேறு விளையாட்டு, அது சரிதான். டிராகன் படகு என்கிற நீளப் படகில் பலர் சேர்ந்து முன்னே பார்த்து உட்கார்ந்து வலிக்கிறோம். ரோயிங்கில் போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். இருக்கை முன்னும் பின்னும் நகரும், துடுப்பு படகோடு மாட்டியிருக்கும், வேகம் பெரும்பாலும் காலிலிருந்து வரும். அதற்காக அங்கிருந்து வந்தவருக்கு இது வராது என்று யார் சொன்னது? தோக்கியோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காகத் துடுப்பு வலித்த தாதி ஜோன் போவும் டிராகன் படகில் இருந்தவர்தான்.

ஒலிம்பிக் விஷயத்துக்கு ஜெர்மானிய ரோயிங் பயிற்றுவிப்பாளர் யூர்கன் குரோப்லரைப் பாருங்கள். போட்டியாளராக ஒலிம்பிக் போனதில்லை, லைப்சிக்கில் விளையாட்டு அறிவியல் படித்தவர். 1972 முதல் 2016 வரை, கிழக்கு ஜெர்மனி புறக்கணித்த 1984 தவிர, ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் அவர் பயிற்சி தந்தவர்கள் பதக்கம் வாங்கினார்கள். (அந்நாட்டு ஊக்கமருந்து விவகாரத்தில் அவர் பெயர் அடிபட்டது தனிக்கதை.)

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, முதலுதவிச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கிறதா? அப்புறம் ஒருநாள் கரையில் நின்று பாருங்கள். பிள்ளை இருக்கையை அவசரமாக முன்னே தள்ளும்போதே கவனித்து நிறுத்துகிறாரா, இல்லை "வேகமா, வேகமா" என்று கத்துவதோடு சரியா?