தலைகீழாக்கிப் பெருக்குவது மட்டும்தான் வழியா?

"பின்ன வகுத்தலில் மேலே உள்ளதை மேலே உள்ளதாலும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதாலும் வகுக்கக் கூடாது, விடை தப்பாகிவிடும்; தலைகீழாக்கிப் பெருக்குவதுதான் ஒரே வழி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

8/15 ÷ 2/3 போட்டுப் பாருங்கள். 8ஐ 2ஆல் வகுத்தால் 4, 15ஐ 3ஆல் வகுத்தால் 5. விடை 4/5. தலைகீழாக்கிப் பெருக்கினால் 24/30, சுருக்கினால் அதே 4/5தான். பெருக்கலில் இப்படித்தானே நேராகச் செய்கிறோம்?

3/4 ÷ 2/5 மாதிரி மீதி விழும் இடத்தில் இந்த வழி தப்பாவதில்லை, பின்னத்துக்குள் பின்னம் வந்து எழுதத்தான் எரிச்சலாக இருக்கும். அங்கே பகுதியை, அதாவது கீழே உள்ள எண்ணை, சமமாக்கிக்கொள்ளுங்கள்: 15/20 ÷ 8/20. இரண்டும் இருபதில் ஒரு பங்கு என்ற ஒரே அளவுத் துண்டுகள். அப்புறம் 15க்குள் எத்தனை 8 என்பதுதான் கேள்வி. 15/8, அதாவது 2க்குக் கொஞ்சம் குறைவு.

ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. முக்கால் படி அரிசியை ஆழாக்கால் அளந்தால் ஆறு முறை வரும். 3/4 ÷ 1/8 என்பது அதுதான். எதையும் தலைகீழாக்காமல் நம் பாட்டிமார் அடுப்படியில் போட்ட கணக்கு.