குடிநீரை வீணாக்காதே என்று என்னிடமா சொல்கிறீர்கள்?

இன்று காலை ஏழரை மணிக்கு எங்கள் தெருவுக்கு ஒரு ஆட்டோ வந்தது. மேலே ஒலிபெருக்கி, பின்னால் பேனர். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. கோடைக்காலம் என்பதால் குடிநீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும். குடிநீரை வீணாக்குவது..." என்று வந்துகொண்டே இருந்தது. அந்த வாக்கியம் முடிவதற்குள் முன்சக்கரம் தெருமுக்குப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மழை பெய்து மூன்று மாதமாகிறது. அது முழுக்கக் குடிநீர். குழாய் உடைந்து 26 நாளாக ஓடிக்கொண்டிருக்கும் குடிநீர். அது என் சேலையில் முழங்கால் வரைக்கும் தெறித்தது. என் கையில் காலிக் குடம்.

ஆட்டோக்காரர் பின்னால் எடுத்துப் பார்த்தார், வரவில்லை. முன்னால் முறுக்கிப் பார்த்தார், சக்கரம் இன்னும் கீழே போனது. அத்தனை நேரமும் ஒலிபெருக்கி நிற்கவில்லை. "ஒவ்வொரு துளியும் உயிர்த்துளி." நான் போய் முன்னால் நின்று, "தம்பி, முதலில் அதை நிறுத்துங்க, நீங்க எதுல நிக்கிறீங்கன்னு பாருங்க" என்றேன். "அக்கா, நான் வாடகைக்கு வந்தவன். பென்டிரைவ் கொடுத்தாங்க, போடுறேன். நிறுத்தினா காசு தரமாட்டாங்க" என்றார். அவர் மேல் என்ன குற்றம்? பால்காரர், எதிர்வீட்டு அண்ணன், நான், மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம். குடிதண்ணீரில் செருப்புக் காலோடு நின்று தள்ளினோம். தலைக்கு மேலே அந்தக் குரல் எங்களுக்கு நான்கு முறை சொன்னது, குடிநீரை வீணாக்காதீர்கள் என்று. வண்டி வெளியே வந்ததும் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. பள்ளம் இன்னும் ஒரு சாண் பெரிதாகியிருந்தது.

யாருக்குச் சொல்கிறீர்கள்? அரிசி கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுகிறவளிடமா? துணி அலசிய தண்ணீரில் வாசல் தெளிக்கிறவளிடமா? இது வறண்ட மாவட்டம். தோண்டினால் உப்பு. ஊருணிக்குள் கால் வைத்தாலே ஊர்ப் பெரியவர்கள் அதட்டிய மண் இது. தண்ணீரை எப்படி வைத்துக்கொள்வது என்று எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். கேபிள் பதிக்க வந்தவர்கள் இயந்திரத்தால் தோண்டும்போது குழாயை இடித்தார்கள், மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். மறுநாள் ஈரம், அடுத்த முறை தண்ணீர் விட்டபோது ஊற்று. அன்றே குடிநீர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "எழுதிக்கிட்டோம்" என்றார்கள். நாலாம் நாள் ஒருவர் வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். பதினோராம் நாள் ஃபிட்டர் தம்பி வந்தார். தோண்டினார், சைக்கிள் டியூபைக் கிழித்து இழுத்துச் சுற்றினார், கம்பியால் முறுக்கினார். "இதுக்கு ஒரு துண்டு குழாயும் ரெண்டு கப்ளிங்கும் வேணுமேப்பா?" என்றேன். "ஸ்டோர்ல இல்லக்கா. கேட்டு எழுதிக் கொடுத்து ரெண்டு மாசமாச்சு" என்றார். ஊர் முழுவதற்கும் ஃபிட்டர் இரண்டே பேர், இரண்டு பேரும் ஒப்பந்தக் கூலி. அவர் வெறுங்கையால் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் காலை எனக்குக் குறுஞ்செய்தி வந்தது: "தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது." அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் விட்டார்கள். டியூப் அரை மணி நேரம் தாங்கியது. திரும்பப் புகார் கொடுத்தால், ஏற்கெனவே தீர்வு கண்ட புகார், புதிதாகப் பதிய வேண்டும் என்றார்கள். புதிதாகப் பதிந்தால், இது போன மாசி மாதம் போட்ட ரோடு, வெட்டுவதற்கு இன்னொரு பிரிவில் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். கேபிள்காரர் அதே ரோட்டைத்தானே வெட்டினார்?

போன வாரம் ஆத்திரம் தாங்காமல் அளந்தே பார்த்தேன். ஊற்றுக்கு நேரே ஒரு தகரத்தைச் சாய்த்து, 15 லிட்டர் குடத்தை வைத்து, போனில் நேரம் பார்த்தேன். 40 விநாடியில் நிறைந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டரை மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு தடவைக்கு 3,375 லிட்டர். இதுவரை 13 தடவை. டியூப் தாங்கிய அரை மணி நேரத்தைத் தாராளமாகக் கழித்தாலும் 40,000 லிட்டருக்கு மேல் போயிருக்கிறது. தகரத்துக்கு வெளியே சிதறியது இதில் சேராது. கிராமங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கொடுப்பதுதான் ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு. எங்கள் தெருமுக்கு ஒவ்வொரு தடவையும் 61 பேருடைய ஒரு நாள் தண்ணீரைக் குடிக்கிறது.

அது பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் இல்லை. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து, குளோரின் கலந்து, வழியெல்லாம் பம்ப் போட்டுத் தள்ளி, நூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்து, மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிய தண்ணீர். அவ்வளவு தூரம் கொண்டுவந்த தண்ணீர், என் வீட்டுக்கு நாற்பது அடி முன்னால் சாக்கடைக்குப் போகிறது. 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனோமே, 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ரயிலைப் பார்த்த மாநிலத்தில் ஒரு கப்ளிங் இல்லை என்று சொல்வதற்கு எப்படி வாய் வருகிறது?

எனக்கு இதைவிடப் பயம் வேறொன்று. தண்ணீரை நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். அப்போது அந்த ஓட்டை வெளியே விடாது, உள்ளே இழுக்கும். சுற்றி நிற்பது சாக்கடை. முன் வீடுகளில் குழாயிலேயே மோட்டாரை வைத்து உறிஞ்சுகிறார்கள், அது இன்னும் மோசம், ஓட்டை வழியாக என்ன கிடைக்கிறதோ அதையும் சேர்த்து இழுக்கும். என் வீட்டில் முதல் இரண்டு குடம் கலங்கலாக, ஒரு வாடையோடு வருகிறது. கீழே ஊற்றுகிறேன். காய்ச்சித்தான் குடிக்கிறோம், ஆனாலும் சின்னவனுக்கு வயிறு கலங்கினால் எனக்கு முதலில் அந்தப் பள்ளம்தான் ஞாபகம் வருகிறது.

கசிவைத் தடுப்பது முடியாத காரியம் என்று யாரும் சொல்லாதீர்கள். கம்போடியாவின் புனோம்பென் நகரத்தைப் பாருங்கள். போரில் சிதைந்த ஊர். 1993இல் அங்கே அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கசிவிலும் திருட்டிலும் போனது, காசும் வரவில்லை, கணக்கும் இல்லை. எக் சொன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்றார். பழைய குழாய்களை மாற்றினார், வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தார், இரவு பகல் பார்க்காமல் கசிவை அடைக்க ஆட்களை வைத்தார். ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் மீட்டர் வைக்கப் போனபோது துப்பாக்கியை நீட்டினார்களாம். விடவில்லை. 2010 வாக்கில் அந்த 72 வெறும் 6 சதவீதம் ஆகியிருந்தது. 2006இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். நம்மை யாரும் துப்பாக்கி காட்டி மிரட்டவில்லை. ஒரு துண்டுக் குழாய்தான் கேட்கிறோம்.

மண்ணுக்கடியில் தெரியாமல் கசிவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி ஊர் அடங்கிய பிறகு இரும்புக் கம்பியை வால்வில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துச் சீறும் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிப்பார்கள். எங்கள் கசிவுக்கு அதெல்லாம் எதற்கு? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்துப் போகிறார்கள். விளம்பர ஆட்டோவே உள்ளே விழுந்தது!

இந்தக் கோபத்தோடு இன்று பத்து மணிக்கு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். படமும் கணக்கும் எழுதிய தாளும் எடுத்துக்கொண்டேன். கடைசி வீட்டு அப்பத்தா பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, தேங்கியிருந்ததைக் கிண்ணத்தால் மொண்டு துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்து ஒரு வருடமாகிறது. "எங்கத்தா கிளம்பிட்ட?" என்றார். சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடைக்கச் சொல்லாதத்தா. எம் வீட்டுக்கு வராத தண்ணி இங்கனதான் வருது. இதையும் அடைச்சா நான் எங்க போவேன்?"

அடைத்தால்தான் உன் வீட்டுக்கு அழுத்தம் வரும் அப்பத்தா, அது சாக்கடை கலந்த தண்ணீர் அப்பத்தா என்று எவ்வளவோ சொன்னேன். "இருபத்தாறு நாளா அடைக்காதவுக, அடைச்சிட்டு எனக்குத் தண்ணி விடப்போறாகளா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இருவரும் அந்தத் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

அப்புறம் எழுந்து அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் சிக்கன விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தார். தாளைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நாளை மறுநாள் தண்ணீர் விடும் நாள். நாலரைக்கு எழ வேண்டும். வரும்போது தகரத்தையும் எடுத்து வரச்சொல்லியிருக்கிறார் அப்பத்தா.